10,000 கன்று நட்டால் கரை நிற்குமா? மோன் மாநிலக் கடலோரத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மியான்மரின் (பர்மாவின்) மோன் மாநிலத்தில், தான்பியூசயாட்டுக்கு மேற்கே, தமிழரும் மோன்களும் பர்மியரும் கலந்து வாழும் ஒரு கடலோரக் கிராமத்திலிருந்து கேட்கிறீர்கள். கரையில் இருந்த அலையாத்திக் காடு விறகுக்கும் வயலுக்கும் போய்விட்டது. ஊருக்குப் பின்னால் குன்றில் காடு இருந்த இடத்தில் ரப்பர் நிற்கிறது. மழைக்காலத்தில் ஓடை செம்மண்ணாகப் பொங்கி வருகிறது, பங்குனி சித்திரையில் கிணறு வற்றுகிறது. கோயில் இளைஞர் குழு பணம் திரட்டி அலையாத்தி மரங்களில் ஒன்றான சுரபுன்னையின் 10,000 கன்றுகளை நடத் தயாராக இருக்கிறது. எந்த இடத்தில், எத்தனை அடி இடைவெளியில் நடுவது, நட்டால் நர்கிஸ் போன்ற ஒரு புயலில் ஊர் தப்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கன்றைப் பற்றியது போல இருந்தாலும், இந்தக் கரையில் மறுபடி ஒரு காடு நிலைக்குமா, நிலைத்தால் அதை யார் காப்பது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்த ஊர்களில் மற்றவை பெரும்பாலும் தாமே தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நான் வனவியல் படித்தவன். சொந்த ஊர் மோல்மீன். நர்கிஸுக்குப் பிறகு ஐராவதி டெல்டாவில் போகலே, லபுட்டா பக்கத்துக் கிராமங்களோடு சமூகக் காடு வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். உங்கள் கரையை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் இந்த இடத்தில் இந்த மரம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் புயல். 2008 மே 2 அன்று நர்கிஸ் டெல்டாவில் ஏறியபோது கடல் சில இடங்களில் 5 மீட்டருக்கும் மேல் எழுந்தது. இறந்தவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்து அரசுக் கணக்கே சுமார் 1,38,000. மரத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடந்தவர்களோடு நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதனால் மரம் காப்பாற்றுமா என்று கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எந்த அளவுக்கு என்பதில் கவனம் வேண்டும். காற்று எழுப்பும் சாதாரண அலையை 100 மீட்டர் அகல அலையாத்திக் காடு 13 முதல் 66 சதவீதம் வரை குறைக்கும் என்று பல கரைகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். இது உறுதியான அறிவு. புயலோடு சேர்ந்து கடலே உயர்ந்து வரும் வெள்ளம் வேறு விஷயம். அது ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டைக் கடக்கும்போது 5 முதல் 50 சென்டிமீட்டர் வரைதான் இறங்கும். 5 மீட்டர் எழும் கடலுக்கு முன்னால் இரண்டு வரிசைக் கன்று கடலில் கரைத்த பெருங்காயம். அன்றாட அரிப்பையும் ஆண்டுதோறும் வரும் சிறு சீற்றத்தையும் காடு தடுக்கும், மரம் முட்டி வரும் நீரின் வேகம் குறையும், மிதந்து வரும் மரக்கட்டைகளும் படகுகளும் வீட்டில் மோதாமல் சிக்கிக்கொள்ளும். நர்கிஸ் அளவுப் புயலுக்கு உயரமான உறுதியான கட்டடம், எச்சரிக்கை, ஓடும் வழி ஆகிய மூன்றும் தேவை. ஊரில் ஒருவரும் 'காடு இருக்கிறது, போகத் தேவையில்லை' என்று வீட்டில் தங்கிவிடக் கூடாது.

2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்கள் தப்பின என்பதை நம் வீடுகளில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். கடலூர்க் கரையில் மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று 2005இல் ஓர் ஆய்வும் வந்தது. பின்னர் வேறு ஆய்வாளர்கள் அதே வகைத் தரவுகளைப் பார்த்து, அந்தக் கிராமங்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று மேட்டிலும் இருந்ததே பெரிய காரணமாக இருக்கலாம் என்றார்கள். இந்த வாதம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. என் மதிப்பீட்டில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன. காடு வளரும் இடத்துக்குப் பின்னால்தான் மனிதர்கள் வீடு கட்ட முடியும். அந்தத் தூரமே ஒரு காப்பு. கரையை ஒட்டிய சதுப்பைக் காட்டுக்கு விட்டுக்கொடுத்த ஊர், தெரிந்தோ தெரியாமலோ தன் வீடுகளையும் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது.

காடு எப்படிப் போனது என்பதையும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 1852க்குப் பிறகு ஆங்கிலேயர் கீழ் பர்மாவை நெல் நாடாக்கினார்கள். சில லட்சம் ஏக்கராக இருந்த நெல் நிலம் 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அந்த வயல்களில் பெரும்பகுதி கனசோ என்ற அலையாத்தி மரக் காட்டையும் நாணலையும் வெட்டி எடுத்த நிலம். வெட்டியவர்கள் பெரும்பாலும் மேல் பர்மாவிலிருந்து இறங்கிய விவசாயிகள். கடன் கொடுத்தவர்கள் நம் செட்டியார்கள், அறுவடைக் கூலிகளில் நம்மவரும் தெலுங்கரும் ஏராளம். 1930இல் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் 1937இல் அது 25 சதவீதம் ஆனது. அதனால் வந்த கசப்பை நம் தாத்தா பாட்டிகள் அனுபவித்தார்கள். பிற்காலத்திலும் வெட்டு நிற்கவில்லை. 1978இல் டெல்டாவில் 2,623 சதுர கிலோமீட்டர் இருந்த அலையாத்திக் காடு 2011இல் 938 ஆகச் சுருங்கியதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்திருக்கிறார்கள். முதல் காரணம் நெல் வயல். விறகும் கரியும் இறால் குட்டையும் அதன் பின்னால் வருகின்றன. இதை இங்கே எழுதக் காரணம், விறகு வெட்டும் ஏழைப் பெண்ணைக் குற்றவாளியாக்கித் தொடங்கும் திட்டங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. அவள் எடுப்பது கிளை. காட்டை வேரோடு எடுத்தது நிலம் வேண்டியவர்கள்.

அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி: நீங்கள் நடப்போகும் அந்தச் சதுப்பு காகிதத்தில் யாருடையது? வனத்துறையின் ஒதுக்குக் காடா, யாராவது ஒருவர் பெயரில் உள்ள வயலா, அல்லது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'காலி, தரிசு, கன்னி நிலம்' என்று எழுதப்பட்டதா? மூன்றாவதாக இருந்தால் ஆபத்து அதிகம். ஊரார் தலைமுறையாக நண்டு பிடித்த சேறு, பதிவு இல்லாத ஒரே காரணத்தால் சட்டத்தின் கண்ணில் வெற்று நிலம். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் விண்ணப்பித்தால் ஒரு தடவையில் 5,000 ஏக்கர் வரை, 30 ஆண்டு வரை குத்தகைக்குக் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 2018 திருத்தம், அனுமதியின்றி அந்த நிலத்தைப் பயன்படுத்துபவருக்குச் சிறைத் தண்டனையும் சேர்த்தது. நீங்கள் ஐந்து வருடம் வளர்த்த காடு அப்போது யாருக்கு?

இதற்கு எதிராக நம் கையில் இருந்த ஒரே நல்ல கருவி சமூகக் காடு. 1995இல் வனத்துறை வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, காட்டுக்கு அருகே வாழும் குடும்பங்கள் பயனாளர் குழுவாகச் சேர்ந்து, மேலாண்மைத் திட்டம் எழுதிக் கொடுத்தால் 30 ஆண்டுக்குச் சான்றிதழ் கிடைக்கும், பிறகு நீட்டிக்கலாம். 2016 திருத்தத்தில் விளைபொருளை விற்கவும் வழி திறந்தது. நான் பார்த்த டெல்டாக் கிராமங்களில் இந்தச் சான்றிதழ் சட்டப் புத்தகத்தைவிடப் பெரிய வேலை செய்தது. 'இது எங்கள் காடு' என்று வெளியாளிடம் நீட்டிக் காட்ட ஒரு காகிதம் இருந்தது. 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஆதரவு தந்த திட்டங்கள் பல நின்றுபோயின, எந்த அலுவலகத்தில் யார் இருக்கிறார், அங்கே போவது பாதுகாப்பா என்பது ஊருக்கு ஊர் வேறு. இதை வெளியிலிருந்து யாரும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. விண்ணப்பிக்க முடியாத ஊரிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எல்லையை நடந்து குறித்து, வரைபடம் வரைந்து, யார் எப்போது எதை எடுக்கலாம் என்று எழுதி, ஊர்ப் பெரியவர்கள், புத்தமடத்துத் தலைமைத் துறவியான சயடோ, கோயில் நிர்வாகம் எல்லோரும் கையெழுத்திட்ட ஓர் ஊர் உடன்படிக்கை. சட்ட பலம் குறைவுதான். பிற்பாடு சான்றிதழ் கேட்கும் காலம் வந்தால் அதுவே முதல் சாட்சி.

கோயில் குழு மட்டும் இதை நடத்த வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஆர்வத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நம்மவரில் எத்தனை பேரிடம் 1982 குடியுரிமைச் சட்டத்தின்படி முழுக் குடிமகன் என்று காட்டும் இளஞ்சிவப்பு அட்டை இருக்கிறது? முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான பச்சை, நீல அட்டை வைத்திருப்பவர்கள், ஒன்றுமே இல்லாதவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நிலம் சம்பந்தப்பட்ட காகிதத்தில் தமிழ்ப் பெயர்கள் மட்டும் இருந்தால் ஒரே ஒரு புகார் போதும், எல்லாம் நின்றுவிடும். அதைவிட முக்கியம், அந்தச் சேற்றில் தினமும் இறங்குபவர்கள் மோன் மீனவர்களும் நண்டு பிடிக்கும் பெண்களும். அவர்கள் குழுவில் இல்லாமல் நட்ட கன்று அவர்கள் வலையை இழுக்கும் பாதையில்தான் நிற்கும். முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் படகுத்துறையில் வையுங்கள். பெண்களைத் தனியாகவும் கேளுங்கள். எந்த வாய்க்காலில் குட்டி நண்டு கிடைக்கிறது, எங்கே முன்பு மரம் இருந்தது, எந்த வருடம் கரை உடைந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சேற்று நண்டு இன்று நல்ல விலை போகிறது. குட்டி நண்டையும் முட்டை நண்டையும் விடுவது என்று ஊரே கட்டுப்பட்ட இடங்களில், காட்டைக் காக்க வேறு பிரசங்கம் தேவைப்படவில்லை.

இனி கன்று. 2004க்குப் பிறகு இலங்கையில் நட்ட இடங்களைப் பின்னர் போய்ப் பார்த்தார்கள். 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே. காரணம் மர்மமில்லை. சொந்தக்காரர் இல்லாத இடம் என்பதால் கடல் பக்கச் சேற்றுத்திட்டில் நடுகிறார்கள், நீண்ட காயைக் குச்சி மாதிரி குத்திவிட்டால் போதும் என்பதால் சுரபுன்னையை நடுகிறார்கள். அலையாத்தி மரம் சராசரி கடல் மட்டத்துக்கு மேலேயும் உயர் ஓதத்துக்கு (கடல் நீர் ஏறும் உச்ச மட்டத்துக்கு) கீழேயும் உள்ள குறுகிய பட்டையில்தான் வாழும். அதற்குக் கீழே நட்டால் நீரில் மூழ்கியே கிடந்து, தண்டில் சிப்பி ஒட்டிக் கன்று சாகும். அதோடு அந்தச் சேற்றுத்திட்டு வெறும் இடமில்லை. உங்களுக்கு வடக்கே, 2017இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட மோட்டமா வளைகுடாவின் சேற்றில்தான் உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் பறவை குளிர்காலத்தில் இரை தேடுகிறது. மரம் இல்லாத சேறும் கடலுக்கு வேண்டும். தயவுசெய்து அங்கே நடாதீர்கள்.

காடு ஏன் தானாகத் திரும்பவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். பிச்சாவரத்தில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்ததை நினைவில் வையுங்கள். முன்பு மொத்தமாக வெட்டிய இடத்தில் மண் பள்ளமாக இறங்கி, நீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறிச் செடி வராமல் கிடந்தது. அவர்கள் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். அதன் பிறகே காடு வந்தது. உங்கள் ஊரில் பழைய வயல் வரப்போ சாலையோ நீரை மறித்துக்கொண்டிருக்கலாம். மாடும் எருமையும் வெண்கண்டல் இலையை விரும்பித் தின்னும், அவை மேய்ந்துகொண்டிருக்கலாம். மழைக்கால முடிவில் விதைகள் கரை ஒதுங்குகின்றனவா, முளைக்கின்றனவா, முளைத்தது எந்த மாதம் சாகிறது என்று பாருங்கள். விதை வந்து முளைத்துச் சாகிறது என்றால் நடுவதில் பயனில்லை, சாகும் காரணத்தை நீக்க வேண்டும். விதையே வரவில்லை என்றால் நடலாம். அப்போதும் கடல் முகத்தில் பர்மியர் தமே என்று சொல்லும் வெண்கண்டல், லமு போன்ற முன்னோடி மரங்கள் முதலில், பியூ என்று பர்மியர் சொல்லும் சுரபுன்னை வாய்க்கால் ஓரத்தில், தில்லை மேட்டில், ஓடை நன்னீர் கொண்டுவரும் இடத்தில் கனசோவும் நீப்பாப் பனையும் என்று கலந்து வர வேண்டும். இந்த வரிசை பொதுவானது. உங்கள் கரையில் மிச்சம் நிற்கும் பழைய மரங்கள் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவற்றையே நம்புங்கள்.

விறகு பற்றி ஒரு நுணுக்கம் பல திட்ட அறிக்கைகளில் இருக்காது. வெண்கண்டல், லமு, தில்லை, கனசோ ஆகியவை வெட்டினால் துளிர்க்கும். சுரபுன்னையை இலையில்லாத கிளை வரை வெட்டினால் அந்தக் கிளை செத்துவிடும், அடியில் வெட்டினால் மரமே போயிற்று. விறகு தேவைப்படும் ஊரில் சுரபுன்னையை மட்டும் நடுவது ஊரையும் மரத்தையும் சண்டைக்கு இழுப்பதாகும். துளிர்க்கும் மரங்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்கி, முறை வைத்து வெட்டிக்கொள்ள விடுங்கள். தொடவே கூடாது என்று எழுதி வைத்த காடு இரவில் காணாமல் போகும். இதைப் பல ஊர்களில் பார்த்தாயிற்று.

குன்றைப் பற்றி நீங்கள் ஒரே வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மோல்மீன் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 4,800 மில்லிமீட்டர் மழை, கிட்டத்தட்ட எல்லாம் மே முதல் அக்டோபருக்குள். 2019 ஆகஸ்ட் 9 அன்று பவுங் வட்டாரத்தில் குன்று சரிந்து 70க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். மரத்தின் வேர் மேல்மண் ஓரிரண்டு மீட்டரைப் பிடித்து நிறுத்தும் என்பது உறுதி. ஆழத்திலிருந்து மலையே நகரும் சரிவை எந்தக் காடும் நிறுத்தாது. பெருமழை வெள்ளத்தையும் அப்படித்தான்: சின்ன, நடுத்தர வெள்ளத்தைக் காடு தணிக்கும், பெரிய வெள்ளத்தில் அதன் பங்கு மிகக் குறைவு. ஒரு கிராமக் குன்றில் மரம் நட்டால் அந்த ஊருக்கு மழை கூடும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை.

கிணற்று நீருக்கு வருவோம். மரம் நட்டால் கிணறு ஊறும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மரமும் தண்ணீர் குடிக்கும். வேகமாக வளரும் தோட்ட மரங்களை நட்ட பல இடங்களில் ஓடை நீர் குறைந்ததை உலகம் முழுவதும் அளந்திருக்கிறார்கள். ரப்பர் வறண்ட மாதங்களில் ஆழத்திலிருந்து நீரை இழுப்பதைச் சீனாவின் யுன்னானில் அளந்து காட்டியிருக்கிறார்கள். கிணற்றைக் காப்பது மண்ணின் உறிஞ்சும் திறன். இயற்கைக் காட்டின் சருகும் வேரும் மண்புழுவும் அந்தத் திறனைத் தருகின்றன. ரப்பர் வரிசைக்கிடையே புல் பூண்டு இல்லாமல் சுரண்டி வைக்கும் வழக்கம் அதைக் கெடுக்கிறது. உங்கள் ஓடையின் செம்மண் நிறம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். மழை பெய்யும்போது மேலே நடந்து போய்ப் பார்த்தால் ஒரே நாளில் உறுதியாகிவிடும்.

ரப்பரைப் பிடுங்கச் சொல்லவில்லை, அதுதான் பல வீடுகளின் சோறு. ஓடையின் இரு பக்கமும் குறைந்தது பத்துப் பதினைந்து மீட்டர் வெட்டாமல் விடுவது, அங்கே மூங்கிலும் நாட்டு மரமும் தானே வர விடுவது, ஊற்றுக்கு மேலே உள்ள சரிவைத் தொடாமல் வைப்பது, வரிசைகளுக்கிடையே மூடுபயிர் போடுவது, மறுநடவின்போது மேலிருந்து கீழாக உழாமல் குறுக்கே மட்டக்கோட்டில் குழி எடுப்பது ஆகியவை போதும். இந்த ரப்பர்க்காரர்களில் சிலர் உங்கள் குழு இளைஞர்களின் அப்பாக்களும் மாமாக்களும்தான் என்று ஊகிக்கிறேன். மோன் மீனவரிடம் போய்க் கரையைக் காப்போம் என்று சொல்வதற்கு முன்னால், நம் வீட்டுத் தோட்டத்தின் ஓடை ஓரத்தில் முதல் பத்து மீட்டரை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

திரட்டிய பணத்தைக் கன்றுக்குச் செலவிடாமல் வைத்திருங்கள். இந்த ஆண்டு எல்லை நடப்பது, வரைபடம், கூட்டங்கள், ஓதம் அளக்கும் கம்பங்கள், தேவைப்பட்டால் அடைபட்ட ஒரு வாய்க்காலைத் திறக்கும் கூலி ஆகியவற்றுக்குக் கொஞ்சம் போதும். கரையிலிருந்து கடல் நோக்கி ஒரே கோட்டில் ஐந்தாறு மூங்கில் கம்பங்களை நட்டு, ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நீர் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை மணி நேரம் நின்றது என்று குறியுங்கள். இடையில் வரும் தாழ் ஓத நாட்களில் எந்தக் கம்பம் வரை நனைகிறது என்பதையும் எழுதுங்கள். கம்பத்தின் அடியில் சேறு ஏறுகிறதா, அரிக்கிறதா என்று மாதம் ஒருமுறை அளவுகோல் வைத்துப் பாருங்கள். மோட்டமா வளைகுடாவை ஒட்டிய கரைகளில் கடல் சில ஆண்டு தின்னும், சில ஆண்டு மண்ணைத் திருப்பிக் கொடுக்கும். தின்னும் கட்டத்தில் இருக்கும் கரையில் எந்தக் கன்றும் நிற்காது. ஒரு மழைக்காலமும் ஒரு வறண்ட காலமும் முடிந்தபின் அந்த அளவுகளையும், மிச்சமிருக்கும் மரங்கள் எந்தக் கம்பத்துக்கு நேராக நிற்கின்றன என்பதையும் இங்கே எழுதுங்கள். எங்கே நடுவது, நட வேண்டுமா என்பதை அப்போது சேர்ந்து பார்க்கலாம்.